கால் ஓய்ந்தால் முதலில் போவது நிதானம்

ஐஸ் ஹாக்கியில் சிறந்த டிஃபென்ஸ்மேனை, அதாவது தடுப்பாட்டக்காரரை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆடவிடலாம் என்கிறது ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லைங்க. ஆட்டமே 60 நிமிடம். ஓர் அணியின் ஆறு டிஃபென்ஸ்மேன்களில் இருவர் இருவராக இறங்கினால் ஆளுக்கு 20 நிமிடம்தான். 2013-14 சீசனில் மினசோட்டா வைல்ட் அணியின் டிஃபென்ஸ்மேன் ரையன் சூட்டர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 29 நிமிடத்துக்கு மேல் ஆடினார். வீணாக ஓடாமல் இடம் பார்த்து நிற்பவர் அவர். எல்லோருக்கும் அது வருமா?

கோபி பக்கம் கபடியில் பல வருடம் கார்னரில் நின்றவன் நான். கால் ஓய்ந்துவிட்டால், பிடிக்கக் கூடாத நேரத்தில் கை தானாகப் பாயும். ஐஸ் ஹாக்கியிலும் அப்படித்தான். பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) எடுக்கத் திரும்பும்போதே எதிரணி ஆள் முதுகில் ஏறி வருகிறான். பாஸ் கொடுப்பதா, ஓரத் தடுப்புச் சுவரான போர்டில் அடித்து வெளியேற்றுவதா? களத்தில் இறங்கி ஆடும் ஒரு ஷிஃப்டின் முதல் பத்து நொடியில் தெளிவாகத் தெரிகிற வழி, நாற்பதாவது நொடியில் கண்ணிலேயே படாது.