பந்து ஆடுவதுதான் அவள் வேலை

கால்பந்து ஆடும் பெண்பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நடந்த பாராட்டு விழா வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும். நானும் அந்த மண்டபத்தில்தான் இருந்தேன், மூன்றாவது வரிசையில். பேசியவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவர் கெட்ட மனிதரும் இல்லை. பிள்ளைகளுக்கு ஜெர்சி வாங்கத் தன் கைக்காசைக் கொடுத்தவர். அதனால்தான் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

ஆனால் அந்த ஒரு பேச்சு காதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. "நல்லா ஆடி ஒரு சர்டிபிகேட் வாங்கிடும்மா. கோட்டாவுல கவர்மெண்ட் வேலை கெடைச்சிரும். அப்புறம் எதுக்கு இந்த வெயில்ல ஓடிக்கிட்டு?" மண்டபமே கைதட்டியது. மேடையில் எட்டாம் நம்பர் ஜெர்சியோடு நின்ற அந்தப் பெண்ணும் சிரித்தாள். பதினேழு வயது. பெரியவர்கள் சிரித்தால் கூடச் சிரிக்கத்தான் நாம் பழக்கியிருக்கிறோம்.

வீடியோவுக்குக் கீழே நான் போட்ட கமெண்ட் ஒரே வரி: "பந்து ஆடுவதுதான் அவள் வேலை, சார்." அதற்கு வந்த பதில்களைப் பார்த்திருப்பீர்கள். நன்றி கெட்டவள். ஏழைப் பெண்ணின் சோற்றில் மண்ணைப் போடுகிறவள். "நீங்க மட்டும் கோட்டாவுல உள்ள போயிட்டு அடுத்தவங்களுக்கு அட்வைஸா?" என்று ஒருவர். இதற்கு மட்டும் கடைசியில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது.

முதலில் ஒன்றைத் திரும்பவும் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு ஒதுக்கீட்டை நான் எதிர்க்கவில்லை. அரசு வேலையில் அந்த ஒதுக்கீடு இல்லையென்றால் எங்களில் பாதிப் பேர் மைதானத்துக்கே வந்திருக்க மாட்டோம், வீட்டில் விட்டிருக்க மாட்டார்கள். என் கோபம் "அப்புறம் எதுக்கு" என்ற அந்தச் சொல்லின் மேல்தான். பையன் கிரிக்கெட்டில் மாநில அணிக்குப் போனால் "எப்போ இந்தியாவுக்கு ஆடுவ?" என்று கேட்கிறோம். பெண் கால்பந்தில் மாநில அணிக்குப் போனால் "எப்போ வேலை போட்டுத் தருவாங்க?" என்று கேட்கிறோம். அவனுக்கு அது தொழில். இவளுக்கு அது வேலைக்கான மனு.

இந்துமதி கதிரேசனை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கடலூர்க்காரர். இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை. தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை வென்று தமிழ்நாடு முதல் முறையாகத் தேசிய சீனியர் பட்டம் வாங்கியது. அடுத்த ஆண்டு லூதியானாவில் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியன் விமன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியது, அந்த அணியிலும் அவர் இருந்தார். 2020 ஊரடங்கில் சீருடையோடு தெருவில் நின்று பணி பார்த்தார். 2022 ஜனவரியில் நவி மும்பையில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியிலும் இடம் இருந்தது. சொந்த மண்ணில் நடந்த போட்டி அது. ஈரானோடு ஒரே ஆட்டம், 0-0. அதற்குள் அணிக்குள் கொரோனா புகுந்து, அடுத்த ஆட்டத்துக்கு இறக்க ஆளில்லாமல் இந்தியா போட்டியை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. அதற்காகவே உடம்பைத் தயார் செய்துகொண்டு போனவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் பல நாள் நினைத்திருக்கிறேன்.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் வருவார்: "பாத்தீங்களா, அவங்களும் போலீஸ் வேலையிலதான இருக்காங்க?" ஆமாம், இருக்கிறார். வேலை கிடைத்த பிறகும் ஆடினார், அதைத்தான் சொல்கிறேன்! வேலை கிடைத்ததும் "அப்புறம் எதுக்கு" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தால் மேலே எழுதிய எத்தனை வரியை நான் அடிக்க வேண்டியிருக்கும் என்று பாருங்கள்.

அந்த மேடையில் இன்னொன்றும் நடந்தது. வீடியோவில் அது வெட்டப்பட்டிருக்கிறது. "எத்தனை கோல்மா போட்ட?" என்று கேட்டார். "நான் மிட்ஃபீல்டு சார்" என்றாள். அவர் "ஓ" என்று சொல்லிவிட்டு ஃபார்வர்டு ஆடுகிற பெண் பக்கம் திரும்பிவிட்டார். அந்த "ஓ" எனக்கு மிகவும் பழக்கமான "ஓ". பத்து வருஷம் கேட்டிருக்கிறேன்.

நடுக்களத்தில் சென்டர் மிட் ஆடுகிறவளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் மணிக்கணக்கில் சொல்லுவேன், யாரும் கேட்பதில்லை. பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு தோளுக்கு மேலும் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். பந்து காலுக்கு வரும்போது பின்னால் யார், எவ்வளவு தூரத்தில் என்பது மனதில் இருக்க வேண்டும். முதல் டச்சிலேயே உடம்பைப் பாதி திருப்பி முன்னே பார்க்கத் தெரிந்தால் எதிராளி ஒருத்தி காலி. தெரியாவிட்டால் பந்து வந்த வழியே திரும்பிப் போகும், கோச் கத்துவார். பின்வரிசையில் பேக் ஆடுகிறவள் மேலே ஓடினால் அவள் விட்ட இடத்தை நீ போய் மூட வேண்டும். அந்த ஓட்டத்தை யாரும் பார்க்க மாட்டார்கள், பேப்பரிலும் வராது. நீ ஓடவில்லை என்றால் மட்டும் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அந்த வழியாகத்தான் கோல் விழும். தலைக்கு மேல் போய் மோதி விழுகிற பந்து எங்கே விழும் என்று ஊகித்து, விழுவதற்கு முன்பே அங்கே நிற்பது. இதெல்லாம் சர்டிபிகேட்டுக்காக மூன்று மாதத்தில் படித்துவிடும் பாடம் இல்லை. பதினைந்து வருஷம் ஆகும். இருபத்தாறு, இருபத்தேழு வயதில்தான் கண் திறக்கும்.

கோல் கணக்குதான் வேண்டும் என்றால் அதையும் தருகிறேன். 2025 ஜூலை 5, தாய்லாந்தின் சியாங் மாய். உள்ளூர் ரசிகர்கள் முன்னால் தாய்லாந்தை 2-1 என்று வென்று, தகுதிச் சுற்றின் வழியாக முதன்முறையாக இந்தியா ஆசியக் கோப்பைக்குள் போனது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்போர். நடுக்களம். வங்காளத்துப் பெண். அன்று ராத்திரி நான் தனியாக உட்கார்ந்து அழுதேன். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், யாரையும் எழுப்பவில்லை. எழுப்பி என்ன சொல்வது?

சரி, ஆடினால் சாப்பாட்டுக்கு என்ன வழி என்ற கேள்விக்கு வருகிறேன். இது நியாயமான கேள்வி, இதிலிருந்து நான் ஓடவில்லை. 2023-ல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஒரு விதி அறிவித்தது: லீக்கில் ஆடும் ஒவ்வொரு அணியும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளோடு ஒப்பந்தம் போட வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 3.2 லட்சம் ரூபாய். மாதத்துக்கு 27 ஆயிரம்கூட வராது. அதுவும் எல்லோருக்கும் இல்லை. லீக் தொடங்கி ஏழு வருஷம் கழித்து, 2023-24-ல்தான் சொந்த ஊரிலும் வெளியூரிலும் மாறி மாறி ஆடும் முறையே வந்தது, அதுவும் ஏழே அணிகளோடு. அதுவரை எல்லா அணியையும் ஒரே இடத்தில் கூட்டி, சில வாரத்தில் ஆடி முடித்து அனுப்பிவிடுவார்கள். மீதி மாதங்களில் அவள் யார்? கால்பந்து வீராங்கனை என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு என்ன இருக்கிறது? ஆக, அரசு வேலை வேண்டும் என்று ஒரு தகப்பன் நினைத்தால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். என் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் மேடையில் மைக் பிடித்தவர் தகப்பன் இல்லையே. லீக்கை நீட்டுங்கள், சம்பளத்தை ஏற்றுங்கள் என்று கேட்கும் இடத்தில் இருப்பவர் அவர். அவரே "வேலை வாங்கிட்டுக் கெளம்பு" என்று சொன்னால் யார்தான் கேட்பது?

"பொம்பளை ஃபுட்பாலை யாரு பாக்குறா?" என்று ஒருவர் போட்டிருந்தார். 1920 டிசம்பரில் லிவர்பூல் நகரத்தின் குடிசன் பார்க் மைதானத்தில் பெண்கள் ஆடியதைப் பார்க்க 53 ஆயிரம் பேர் வந்தார்கள். அடுத்த ஆண்டே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டது. ஐம்பது வருஷம் பூட்டிவைத்துவிட்டு, ஏன் கூட்டம் இல்லை என்று கேட்பார்களாம். 2022 ஏப்ரலில் பார்சிலோனாவின் கேம்ப் நோவில் 91,648 பேர் உட்கார்ந்து பெண்கள் ஆட்டத்தைப் பார்த்தார்கள். இவருக்கு இதற்கு மேல் பதில் கிடையாது.

கல்யாணம், குழந்தை என்று வந்தால் ஆட்டம் முடிந்தது என்று கமெண்டில் சொன்னவர்களுக்கு ஒரு கதை. ஐஸ்லாந்தின் சாரா பியோர்க் குன்னர்ஸ்டோட்டிர், அவரும் நடுக்களம்தான். 2020-ல் ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் பிரான்சின் லியோன் அணிக்காகக் கோல் அடித்தவர். அடுத்த வருஷம் கர்ப்பமானார். கிளப் முழுச் சம்பளத்தைத் தரவில்லை. அவர் விடவில்லை. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தீர்ப்பாயம் வரை போனார். 82 ஆயிரம் யூரோவுக்கு மேல் கிளப் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 2021 ஜனவரியிலிருந்து ஃபிஃபா விதியிலேயே இருக்கிறது: குறைந்தது 14 வாரப் பேறுகால விடுப்பு, மூன்றில் இரண்டு பங்குச் சம்பளம். ஏன் இதைச் சொல்கிறேன்? அது வேலை என்பதால்தான் வழக்கே போட முடிந்தது. பொழுதுபோக்குக்கு யாரும் பேறுகாலச் சம்பளம் கேட்க முடியாது.

பிரேசில் வீராங்கனை ஃபார்மிகாவைப் பாருங்கள். 1978-ல் அவர் பிறந்தபோது பிரேசிலில் பெண்கள் கால்பந்து ஆடவே தடை இருந்தது. 1941-ல் போட்ட தடை 1979-ல்தான் போனது. அந்தப் பெண் ஏழு உலகக் கோப்பை, ஏழு ஒலிம்பிக்ஸ் ஆடினார். 41 வயதில் உலகக் கோப்பையில் நடுக்களத்தில் ஓடினார். நாற்பத்தொன்று!

எனக்கு இருபத்தாறில் முடிந்துவிட்டது.

இப்போது அந்தக் கடைசிக் கமெண்டுக்கு வருகிறேன். ஆமாம், நான் கோட்டாவில் வந்தவள்தான். பல்கலைக்கழக அணிக்கு ஆடியதற்கு ஃபார்ம் 3 என்ற சான்றிதழ் வாங்கினேன், அதை வைத்துத்தான் இந்த நாற்காலி. என் சம்பளத்தில்தான் தம்பி படித்தான், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது. மறக்கவில்லை, மறுக்கவும் இல்லை. ஆர்டர் வந்த அன்று அப்பா தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்தார். மறுநாள் காலை ஐந்தரைக்கு வழக்கம்போல பையை எடுத்தேன். "இன்னும் எதுக்குப்பா?" என்றார். திட்டவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அவரைப் பொறுத்தவரை நான் எதற்காக ஓடினேனோ அது வந்துவிட்டது.

அப்புறமும் கொஞ்ச நாள் ஆடினேன். ஆபீசுக்கு முன்னால் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழுசாக. லீக் தொடங்கியபோது ஓர் அணியிலிருந்து செலக்‌ஷனுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று வாரம் லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன், சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று. என் மேலதிகாரி காகிதத்தைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ரொம்ப அன்பாகச் சொன்னார்: "அதான் வேலை கெடைச்சிருச்சேம்மா. அப்புறம் எதுக்குப் பந்து?"

அதே பேச்சு. ஏறக்குறைய அதே வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை மைக்கில் அதைக் கேட்டபோது கை நடுங்கியது ஏன் என்று பக்கத்தில் இருந்த தோழி கேட்டாள். ஏசி என்று சொன்னேன்.

லீவு மறுத்ததற்கு அவர் மேல் வழக்கா போட முடியும்? அவரும் கெட்டவர் இல்லை. யாருமே கெட்டவர்கள் இல்லை, எல்லோரும் என் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். ஒவ்வொருவராக நல்லது சொல்லிச் சொல்லியே என்னை மைதானத்திலிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். நானும் சண்டை போடவில்லை, அது என் தப்பு. அந்தக் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்து சீட்டில் உட்கார்ந்து ஃபைல் பார்த்தேன். அணியிலிருந்து திரும்பவும் போன் வந்தது. எடுக்கவில்லை.

இதையெல்லாம் எழுதுவதால் வேலையை விட்டுவிடு என்று அந்தப் பெண்ணிடம் சொல்கிறேன் என்று தயவுசெய்து திரிக்காதீர்கள். அவள் வேலை வாங்கட்டும், வாங்க வேண்டும். வாங்கிய மறுநாளும் காலை ஐந்தரைக்கு அவள் பையை எடுக்கும்போது "எதுக்கு" என்று கேட்காமல் கதவைத் திறந்துவிடுங்கள் என்கிறேன். போட்டிக்கு லீவு கேட்டால் கொடுங்கள் என்கிறேன். கோல் கணக்குக் கேட்காமல் ஒரு ஆட்டமாவது முழுசாக உட்கார்ந்து அவளைப் பாருங்கள் என்கிறேன்.

நேற்று ராத்திரி அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. கமெண்டைப் பார்த்திருக்கிறாள் போல. "அக்கா, அந்த சார் சொன்னதுல தப்பு இல்லதானே? எங்க அம்மா ரொம்ப சந்தோஷப்பட்டாங்க" என்று கேட்டிருந்தாள். இரண்டு தடவை டைப் செய்து அழித்துவிட்டேன். போனில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. சனிக்கிழமை காலை அவர்களுக்குப் பிராக்டிஸ் இருக்கிறதாம், கோச்சிடம் கேட்டுவிட்டேன். என் ஸ்டட்ஸ் ஷூ பரண் மேல் இருக்கிறது, அடி பெயர்ந்திருக்கும். பார்த்துக்கொள்ளலாம், வெறுங்காலோடும் பாஸ் போடலாம்.