நரம்புக் கருவி ஐரோப்பியர் கொடுத்ததல்ல

"ஆப்பிரிக்காவில் மேளம் மட்டும்தான் இருந்தது, நரம்புக் கருவியெல்லாம் ஐரோப்பியர் கொண்டுபோனவை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. 1352-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசுக்குப் போன மொராக்கோப் பயணி இபின் பதூதா, சுல்தானுக்கு முன்னால் பாடகர்கள் பொன்னிலும் வெள்ளியிலும் செய்த நரம்புக் கருவிகளோடு வந்ததை எழுதிவைத்திருக்கிறார். போர்த்துகீசியக் கப்பல்கள் செனகல் ஆற்று முகத்துவாரத்துக்கு வந்ததே அதற்குச் சுமார் 90 ஆண்டுகள் கழித்துத்தான்.

அப்புறம் மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டிங்கா மக்கள் வாசிக்கும் கோரா என்ற நரம்புக் கருவி. பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி, மாட்டுத்தோல் போர்த்தி, 21 நரம்பு கட்டுவார்கள். இடது கைக்கு 11, வலது கைக்கு 10. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மீட்டும், மற்ற விரல்கள் கைப்பிடியைப் பிடித்திருக்கும். நரம்புக்கு முன்பு முறுக்கிய தோல்வார், இப்போது பெரும்பாலும் மீன்பிடி நைலான் (அதுவும் நன்றாகத்தான் ஒலிக்கிறது). அமெரிக்க நாட்டுப்புற இசையில் வரும் பாஞ்சோ என்ற நரம்புக் கருவியின் மூதாதைகளும் மேற்கு ஆப்பிரிக்காவில்தான் இருக்கின்றன. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களோடு அட்லாண்டிக்கைக் கடந்த கருவி அது.