பெரிசை அனுப்பிடலாமாம்!

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் ஆடும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் காலையில் தோற்றால் போதும், ஆளை வாங்கி விற்கிற அந்த அணியின் ஜெனரல் மேனேஜர்கள் மாதிரி, தண்டையார்பேட்டை டீக்கடையில் எல்லோரும் ஆஜர். ஒருத்தனுக்கும் பாஸ்போர்ட் கிடையாது. ஆனால் அணியின் மூத்த ஆட்டக்காரர் ட்ரேமண்ட் கிரீனை எந்த ஊருக்கு மூட்டை கட்டி அனுப்புவது என்று மட்டும் தெரியும். உங்கள் ஏரியாவிலும் நாலு பேர் இருப்பார்களே, அதே ரகம்தான்.

இன்றைக்கு நம்மாள் கிளாஸை வாங்குவதற்குள்ளேயே ஆரம்பித்தான். "மச்சி, ட்ரேமண்ட குட்த்துட்டு யானிஸ தூக்கிடலாம்."

மில்வாக்கி அணியின் நட்சத்திரத்தைத் தூக்கிடலாமாம்! காசிமேட்டில் போய் நேற்றைய கவளையைக் கொடுத்து வஞ்சிரம் கேட்டுப் பாரேன், அந்தக்கா என்ன சொல்லுதுன்னு.

பொறுமையாகத்தான் சொன்னேன். சம்பள வரம்பைத் தாண்டிய அணி, அனுப்புகிற சம்பளத்துக்கு ஏறக்குறைய ஈடாகத்தான் ஆளை வாங்க முடியும். ட்ரேமண்ட் 2023-ல் கையெழுத்துப் போட்டது 4 வருஷத்துக்கு 10 கோடி டாலர். யானிஸின் சம்பளம் அதைப்போல ரெண்டு மடங்கு. மீதிக்கு?

"கூட ரெண்டு பேர சேத்துக் குடு."

யாரை?

"கர்ரிய வுட்டுட்டு யார வேணா."

கர்ரிதான் அணியின் முதல் நட்சத்திரம், சரி. மிச்சத்தை மில்வாக்கிக்காரன் எதுக்குடா வாங்கணும்? "அவுங்களுக்கு டிஃபென்ஸ் வேணும்டா." உடனே போனை எடுத்து, ஆள் மாற்றம் விதிப்படி செல்லுமா என்று காட்டுகிற ட்ரேடு மெஷின் ஆப்பைத் திறந்தான். ஆளைப் போட்டான், சிவப்பு; செல்லாதாம். இன்னொருத்தனைச் சேர்த்தான், சிவப்பு. புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற உரிமையான ட்ராஃப்ட் பிக்கைக் கொட்டினான், அப்பவும் சிவப்பு. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. கடைசியில் ஐயா தீர்ப்பு சொன்னார்: "ஆப்பு தப்பா காட்டுது."

பக்கத்தில் இருந்தவர் விடுவாரா? "ஜோர்டன் பூலைக் குத்துனவன்தானே?" ஆமாம் அண்ணே, சொந்த அணிக்காரனையே, 2022 அக்டோபர், பயிற்சியில். அடுத்த வருஷம் எதிரணி ஆட்டக்காரர்கள்: கோபேரின் கழுத்தைப் பிடித்து 5 ஆட்டம் தடை, நர்கிச்சை அடித்து 12 ஆட்டம் தடை. பாக்ஸிங் பார்த்து வளர்ந்த ஏரியா நம்முடையது, குத்தைக் குத்து இல்லையென்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் 2012 ட்ராஃப்டில் 35-ஆவதாக வந்த ஆள், நாலு சாம்பியன்ஷிப், 2017-ல் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர். கர்ரியை விடாமல் துரத்துகிறவனை மறித்து ஸ்கிரீன் போட்டு, அடுத்த நொடியே பந்தை எங்கே தள்ளணும் என்று தெரிந்தவர். இது அவருக்கு இந்த வீட்டில் உள்ள மதிப்பு. வெளியே விற்கப் போனால் முப்பத்தைந்து தாண்டிய, பாயிண்ட் போடாத, கோபக்காரப் பெரிசு. அந்த விலைக்கு எதுக்கு விற்கணும்? இதைச் சொன்னால் நான் சென்டிமென்ட் பார்க்கிறேனாம்.

யார் சொல்வது? 2024-ல் வாரியர்ஸின் பழைய நட்சத்திரம் க்ளே தாம்சன் டல்லாஸ் அணிக்குப் போனபோது ஸ்டேட்டஸில் ஒப்பாரி வைத்த அதே கும்பல். 2025 பிப்ரவரியில் அதே டல்லாஸ் தன் 25 வயது நட்சத்திரம் லூக்காவைக் கொடுத்து, 31 வயது ஆன்டனி டேவிஸை வாங்கியதே, அந்த மேனேஜரை நாள் முழுக்கத் திட்டித் தீர்த்ததும் இவனுங்கதான். இவனுங்க கையில் அணியைக் கொடுத்தால் மதியத்துக்குள் கர்ரியும் காலி.

கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம். நம்மாள் எழுந்து, "சரி மச்சி, ட்ரேமண்ட் இருக்கட்டும், கோச்ச மாத்திடலாம்" என்றானே பார்க்கணும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கேப்பில் டீ காசைக் கொடுக்காமல் நழுவிட்டான்.

சரி, கிளம்பலாமென்று வண்டியை எடுத்தால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி, கன்டெய்னர் லாரி, கன்டெய்னர் லாரி. பைக் நுழையக்கூட இடமில்லை. இதை எவனாவது கேட்கிறானா?