ஓசையில்லாமல் முதுகில் வந்து நிற்கும் கார்கள்

இராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் மூழ்கி எழுந்து, ஈர முந்தானையைப் பிழிந்தபடி வெறுங்காலுடன் கோயிலுக்கு நடக்கும் பாட்டியின் முதுகுக்குப் பின்னால், ஓசையே இல்லாமல் ஒரு மின்சாரக் கார் வந்து நின்று, காது கிழியும்படி ஹாரன் அடிப்பதை இன்னும் எத்தனை காலம் பொறுத்துக்கொள்வது? அவர் பதறித் திரும்பினால், "பார்த்துப் போகக் கூடாதா?" என்று ஏச்சு வேறு. முதுகில் யாருக்குக் கண் இருக்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் மின்சார, ஹைபிரிட் கார் ஒவ்வொன்றும், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரையிலும், பின்னோக்கி நகரும்போதும், நடப்பவர் காதில் விழும்படி செயற்கை ஒலி எழுப்பியாக வேண்டும். அதற்கு மேல் டயர் உருளும் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும். நம் தெருக்களில் கார்கள் ஊர்வதே அந்த வேகத்துக்குள்தானே! கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாம்பனிலும் தனுஷ்கோடிச் சாலையிலும் பக்கத்தில் பேசுபவர் குரலே கேட்பதில்லை. கீழக்கரைச் சந்துகளில் ஒதுங்கவும் இடமில்லை. கண் தெரியாதவருக்கோ காது ஒன்றுதான் துணை. காரில் இருக்கிற அந்தச் செயற்கை ஒலியையும் தொந்தரவு என்று நிறுத்திவைப்பவர்களை என்னவென்று சொல்வது? வண்டிக்குள் இருப்பவரின் அமைதிக்காக, வெளியே நடப்பவர் ஏன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்?