விதைக்கோட்டையும் தொப்புள்கொடி இரத்தமும்

கும்பகோணத்தில் என் தம்பி மகளின் தலைப்பிரசவத்தின்போது, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஓர் இளைஞர் வழவழப்பான தாள் ஒன்றை நீட்டி, பிற்காலத்தில் குழந்தைக்கு நோய் வந்தால் உதவும் என்று அதன் தொப்புள்கொடி இரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்து வைக்கச் சொன்னார். அதில் செல்கள் கொஞ்சம்தானே என்றதற்கு, "அதையெல்லாம் ஆய்வகத்தில் பெருக்கிக்கொள்ளலாம், ஐயா" என்றார் சளைக்காமல். குறுவை விற்ற பணத்தில் தம்பி முதல் தவணையைக் கட்டிவிட்டான்.

ஆய்வகத்தில் பெருக்கலாம் என்ற அந்த ஒரு வாக்கியம்தான் என்னை உறுத்துகிறது. கொடி இரத்தத்தைச் சேமிப்பதே அதிலுள்ள இரத்த ஸ்டெம் செல்லுக்காக, அதாவது எல்லா இரத்த அணுக்களுக்கும் மூலமான செல்லுக்காக. அது எலும்பு மஜ்ஜைக்குள் இருக்கும்வரை தன்னைப் போன்ற இன்னொன்றையும் தரும், சிவப்பணு வெள்ளையணுக்களையும் தரும். கண்ணாடித் தட்டில் வளர்த்தாலோ, சில நாட்களிலேயே சாதாரண இரத்த அணுவாக முதிர்ந்துவிடும். விதைநெல்லை வைக்கோல் சுற்றிக் கட்டி வைக்கும் விதைக்கோட்டை நனைந்துபோன மாதிரிதான்: நெல் முளைத்துவிடும், மறுபடி அதை விதையாகக் கட்டி வைக்க முடியாது.

பெருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. தொப்புள்கொடிச் செல்களை நிக்கோட்டினமைடு என்னும் பி3 வைட்டமின் வகை கலந்த ஊடகத்தில் சுமார் மூன்று வாரம் வளர்த்து இரத்தப் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்தும் ஒமிடூபிசெல் சிகிச்சைக்கு, 2023 ஏப்ரலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்தது. ஆனால் அந்தக் கொடி நோயாளியுடையது அன்று. முன்பின் தெரியாத ஒரு தாய் தானமாகக் கொடுத்தது. தலசீமியா போன்ற பரம்பரை நோயென்றால், குழந்தையின் சொந்தக் கொடி இரத்தத்திலும் அதே கோளாறு இருக்கும் என்பதை அந்தத் தாள் சொல்லவில்லை.

மெல்போர்னின் மர்டாக் குழந்தைகள் ஆய்வு நிறுவனத்தார் 2024-இல் இன்னும் ஒரு படி போனார்கள். ஜப்பானிய விஞ்ஞானி யாமனாக்கா காட்டிய வழியில் மனித உயிரணுவைக் கருநிலைக்குத் திருப்பி, அதிலிருந்து இரத்த ஸ்டெம் செல்லை உருவாக்கி எலிகளுக்குச் செலுத்தினார்கள். அதிகபட்சம் பாதி எலிகளில்தான் அது மஜ்ஜையில் வேரூன்றியது. அது மனிதருக்கும் கைகூடும் நாளில் நோயாளியின் தோலிலோ இரத்தத்திலோ கொஞ்சம் எடுத்தால் போதும். ஆண்டுக்கணக்கில் உறைய வைத்த கொடிக்கு அன்றைக்கு என்ன வேலை?

பிற்காலச் சொந்தப் பயனுக்காக இப்படிச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலே சொல்கிறது. வீட்டில் மூத்த பிள்ளை மஜ்ஜை மாற்றுக்காகக் காத்திருந்தால் கதை வேறு. உடன்பிறந்தவர்களுக்குள் முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. எங்கள் வீட்டில் அப்படி யாருமில்லை.

போன வாரம் இரண்டாம் தவணைக்கு நினைவூட்டல் வந்தது. ஒப்பந்தத்தை வாங்கி வரிவரியாகப் படித்தேன். ஆய்வகத்தில் பெருக்கித் தருவது பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.