46-0 சரி. யாரோடு, எங்கே?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நாளாக ஒரே சண்டை. குத்துச்சண்டையில் சூப்பர் மிடில்வெயிட் என்ற எடைப் பிரிவில் ஜோ கால்சாகிதான் எல்லாக் காலத்துக்கும் முதல் ஆள் என்று டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் அக்கா மகன் எழுதிவிட்டான். 46 சண்டை, 46 வெற்றி, ஒரு தோல்விகூடக் கிடையாது, இதற்கு மேல் என்ன பேச்சு என்கிறான். அதே டர்பனில் பீனிக்ஸில் இருக்கும் மாமா உடனே, "அமெரிக்காவோட ராய் ஜோன்ஸ் நல்லா இருந்த காலத்துல மோத வந்திருக்கணும், அப்போ தெரிஞ்சிருக்கும்" என்று பதில் போட்டார். அதற்குப் பிறகு கல்யாணச் செய்தி, காவடிச் செய்தி எதுவும் யார் கண்ணிலும் படவில்லை. அங்கே நீளமாக எழுதினால் நடுவில் யாராவது பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லி மூடிவிடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் கணக்கில் கால்சாகி மூன்றாமவர். தோல்வி இல்லாத ஒருவரை மூன்றாவது இடத்தில் வைப்பது அநியாயம் என்று மருமகன் குதிப்பான். குதிக்கட்டும்.

முதலில் அவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். வேல்ஸ்காரர், இத்தாலிய வம்சம். அப்பா என்சோ ஒரு இசைக்கலைஞர், தாமே ரிங்கில் இறங்கியவர் இல்லை. ஆனால் அவர்தான் கடைசிவரை மகனுக்குப் பயிற்சியாளர். 1997 அக்டோபரில் ஷெஃபீல்டில் இங்கிலாந்தின் கிறிஸ் யூபாங்கை வென்று, உலகப் பட்டம் தரும் பல அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிஓவின் பட்டத்தை எடுத்தார் கால்சாகி. அந்தப் பட்டத்தை 21 முறை காத்தார். இடதுகைக்காரர், கை ஓயவே ஓயாது. ஒரு சண்டையில் ஆயிரம் குத்து வரை வீசுவார். கை எலும்புகள் அடிக்கடி தொல்லை கொடுத்ததால் பிற்காலத்தில் முஷ்டியால் குத்துவதைவிடத் திறந்த கிளவுஸால் அறைகிறார் என்று அமெரிக்கர்கள் கேலி செய்தார்கள். அறைதான், ஒத்துக்கொள்கிறேன். 2006 மார்ச்சில் மான்செஸ்டரில் ஜெஃப் லேசி அந்த அறையைப் பன்னிரண்டு ரவுண்டும் வாங்கினார். குட்டி டைசன் என்று அமெரிக்காவில் ஏற்றிவிட்டிருந்த ஆள் லேசி. கை வலி என்று அந்தச் சண்டையையே விட்டுவிடப் பார்த்த மகனை அப்பாதான் பேசிப் பேசி ரிங்கில் ஏற்றினார். லேசி அதற்குப் பிறகு பழைய லேசியாக இருந்ததே இல்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் கார்டிஃபில் மிக்கெல் கெஸ்லர். டேனிஷ்காரர், அதுவரை தோல்வி அறியாதவர், கையில் இரண்டு உலகச் சாம்பியன் பெல்ட். அவரையும் புள்ளியில் தெளிவாக வென்றார். கால்சாகியின் உச்சம் அந்த ராத்திரிதான் என்பேன்.

சரி, அப்புறம் என்ன குறை?

ஷெஃபீல்டு, மான்செஸ்டர், கார்டிஃப். ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். பட்டம் வாங்கி முதல் பத்து ஆண்டுகளில் டென்மார்க்கில் ஒன்று, ஜெர்மனியில் ஒன்று தவிர மற்ற எல்லாச் சண்டையும் பிரிட்டனில்தான். அமெரிக்காவில் கால் வைத்ததே 2008ல். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களை எல்லாம் ஜெயித்தார் என்று வையுங்கள். கூட்டம் உங்கள் பக்கம், தண்ணீர் உங்கள் ஊர்த் தண்ணீர், எதிராளிதான் விமானம் ஏறி வந்து களைத்துப்போய் நிற்கிறான்.

இதை ஒரு தென்னாப்பிரிக்கன் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டு பிரையன் மிட்செலை நினைத்துப் பாருங்கள். 1986 செப்டம்பரில் நம் சன் சிட்டியில் ஆல்ஃபிரடோ லேய்னை வென்று டபிள்யூபிஏ ஜூனியர் லைட்வெயிட் பட்டம் எடுத்தார். இன ஒதுக்கல் ஆட்சிக்காக உலகம் நமக்குக் கதவைச் சாத்தியிருந்த நேரம். பட்டத்தை 12 முறை காத்தார். பன்னிரண்டும் வெளிநாட்டில்! பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், இங்கிலாந்து, அமெரிக்கா என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டே திரிந்தார். 1991 மார்ச்சில் டோனி லோபஸை அவருடைய சொந்த ஊரான சாக்ரமென்டோவிலேயே சந்தித்தார், டிரா என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மறுபடியும் அதே ஊருக்கே போய், வென்று, ஐபிஎஃப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். மொத்தக் கணக்கு 45 வெற்றி, ஒரு தோல்வி, மூன்று டிரா. அந்த ஒன்றும் ஆரம்ப நாட்களில் வந்தது. வெள்ளைக்காரன்தானே, அந்த ஆட்சியின் நிழலில் வளர்ந்தவன்தானே என்று மாமா முணுமுணுப்பார். அது வேறு பேச்சு மாமா, அதற்கும் இதிலேயே வருகிறேன். ஊர் ஊராகப் போய்க் காத்த 12 முறையை நான் 21க்குக் குறைவாக நினைக்க மாட்டேன்.

அடுத்து, கால்சாகியின் அதே எடையில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். இன்றைய பிள்ளைகளுக்குப் பெயரே தெரியவில்லை என்பதுதான் எரிச்சல். சுகர்பாய் மலிங்கா. லேடிஸ்மித் பக்கத்து ஆள், நம் குவாசுலு-நட்டால் மாகாணம். உயரம், நீளமான கை, அவசரமே படாத ஜாப், அதாவது முன்கையை நேராக நீட்டிக் குத்தும் குத்து. 1989ல் ஜெர்மனிக்குப் போய் ரோக்கிஜியானியிடம் தோற்றார். 1990ல் இத்தாலியில் லிண்டல் ஹோம்ஸிடம் தோற்றார். 1992ல் பர்மிங்ஹாமில் யூபாங்கிடம் ஒரே ஒரு நடுவர் வித்தியாசத்தில் தோற்றார். அதே ஆண்டு இங்கிலாந்தின் நைஜல் பென்னிடமும் தோல்வி. 1993ல் அமெரிக்காவில் ராய் ஜோன்ஸ் ஆறாவது ரவுண்டில் நாக்அவுட் செய்தார். இவ்வளவு வாங்கியவன் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதானே? போகவில்லை. 1996 மார்ச்சில் நியூகாசிலில் மறுபடியும் நைஜல் பென்னுக்கு முன்னால் நின்றார். (நம் நியூகாசில் இல்லை, இங்கிலாந்து நியூகாசில்.) அப்போது மலிங்கா நாற்பதைத் தொட்டுவிட்டார். பென் உலகச் சாம்பியன், அரங்கமே அவருக்காகக் கத்துகிறது. ஐந்தாவது ரவுண்டில் மலிங்கா தரையில். எல்லோரும் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் எழுந்தார், பதறவில்லை, இடது கையை நீட்டினார், மறுபடியும் அந்த ஜாப். குத்திவிட்டு ஒரு அடி பின்னால், குத்திவிட்டு ஒரு அடி பக்கவாட்டில். பென் உள்ளே வர வர முகத்தில் அதே கை. மூன்று நடுவரில் இருவர் மலிங்காவுக்குக் கொடுத்தார்கள். பென் அந்த ரிங்கிலேயே ஓய்வு அறிவித்தார்.

பட்டம் அவரிடம் நெடுநாள் நிற்கவில்லை, அதே ஆண்டு ஜூலையில் நார்டியெல்லோவிடம் போனது. 1997 டிசம்பரில் ராபின் ரீடிடமிருந்து திரும்ப வாங்கினார், மறுபடியும் இங்கிலாந்தில். அந்த ரீட் 1999ல் கால்சாகியைப் படாத பாடு படுத்தினார். கால்சாகியின் பூஜ்யம் உடையப் பார்த்த ஒரு சில ராத்திரிகளில் அது ஒன்று, நடுவர்கள் பிளவுபட்டுத்தான் கொடுத்தார்கள். அதே ரீடை மலிங்கா நாற்பது தாண்டிய வயதில் வென்றார். இதனால் மலிங்கா கால்சாகியைவிடப் பெரியவர் ஆகிவிட மாட்டார், அவ்வளவு தூரம் போக நான் தயாரில்லை. ஆனால் தோல்விப் பத்தியில் இருக்கும் பெயர்களை வாசியுங்கள்: ரோக்கிஜியானி, யூபாங்க், பென், ஜோன்ஸ். அந்தக் காலத்து எடைப் பிரிவு மொத்தமும் அங்கே இருக்கிறது. அவரவர் ஊருக்கே போய்க் கதவைத் தட்டிய ஆள் மலிங்கா.

மாமாவின் பேச்சுக்கு வருகிறேன். நம் நாட்டில் சாதனைப் பட்டியலை அப்படியே நம்பக் கூடாது என்பது நமக்கு ரத்தத்தில் ஊறிய பாடம். விக் டோவீல் 1950ல் மானுவல் ஒர்ட்டிஸை வென்று தென்னாப்பிரிக்காவின் முதல் உலகச் சாம்பியன் ஆனார். திறமைசாலி, மறுக்கவில்லை. ஆனால் உள்நாட்டில் அவர் முன்னால் நிற்க அனுமதிக்கப்பட்டவர்கள் எல்லாம் வெள்ளையர்கள். அதே காலத்தில் ஜேக் டூலி என்ற கறுப்பினத்துப் பையன் 1952ல் அதே இங்கிலாந்து நியூகாசிலில் டெடி கார்ட்னரை வென்று பிரிட்டிஷ் எம்பயர் பட்டம் எடுத்தான், இங்கே ஒரு வெள்ளையனோடு மோத அவனுக்குச் சட்டத்தில் இடமில்லை. டர்பன் பெரியவர்கள் சொல்லும் சீமேன் செட்டி போன்ற நம் ஆட்களுக்கும் அதே கதிதான். 1973 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் அமெரிக்கக் கறுப்பினத்தவர் பாப் ஃபாஸ்டரும் நம் ஊர் வெள்ளையர் பியர் ஃபூரியும் மோதியபோதுதான் அந்தச் சுவரில் முதல் ஓட்டை விழுந்தது. அதற்கு முன்னால் இந்த நாட்டில் எழுதப்பட்ட ஒவ்வொரு வெள்ளைச் சாம்பியனின் கணக்கிலும் பாதி எதிராளிகள் கயிற்றுக்கு வெளியே நிற்கிறார்கள். இப்படி ஒரு ஊரில் வளர்ந்துவிட்டு 46-0 என்றதும் வாயைப் பிளக்க எனக்கு வரவில்லை. யாரைச் சந்திக்கவில்லை என்றுதான் கண் முதலில் தேடுகிறது.

இப்போது மருமகன் தூக்கிப் பிடிக்கும் இரண்டு பெரிய பெயர்கள். 2008 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் பெர்னார்ட் ஹாப்கின்ஸ், நவம்பரில் நியூயார்க்கில் ராய் ஜோன்ஸ். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, "கிழவர்களை அடித்தார்" என்று மாமா தள்ளிவிடுகிறார். இங்கே நான் மாமாவோடும் இல்லை.

ஜோன்ஸ் வெற்றி எதற்கும் ஆகாது. அந்த மனிதர் 2004லேயே டார்வரிடமும் கிளென் ஜான்சனிடமும் அடுத்தடுத்து நாக்அவுட் ஆனவர். 2008ல் 39 வயது. அப்படியும் முதல் ரவுண்டில் கால்சாகியை மூக்கில் ரத்தம் வரக் கீழே உட்கார வைத்தார், அதோடு கையிருப்பு தீர்ந்தது. கால்சாகி எழுந்து, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, முகத்தை நீட்டி வேடிக்கை காட்டினார். நமக்கு ஞாயிறு விடியற்காலை. சில பேர் சிரித்தார்கள், எனக்கு அந்த வேடிக்கை பிடிக்கவில்லை. மூன்று நடுவர்களும் கால்சாகிக்கே 118-109 என்று புள்ளி போட்டார்கள்.

ஹாப்கின்ஸ் கதை வேறு. வயது 43 என்பது உண்மை. ஆனால் ஆறே மாதத்தில் சாம்பியன் கெல்லி பாவ்லிக்கைப் பன்னிரண்டு ரவுண்டு வைத்துப் பாடம் எடுத்தவர் அவர். 46 வயதில் ஜான் பாஸ்கலை வென்று உலகப் பட்டம் எடுத்தார். அப்படிப்பட்டவர் கால்சாகியை முதல் ரவுண்டிலேயே வலது கையால் சாய்த்தார். பிறகு இழுப்பு, அணைப்பு, தோளால் இடி, தெரிந்த தந்திரம் அத்தனையும். பத்தாவது ரவுண்டில் இடுப்புக்குக் கீழே அடிபட்டது என்று வலியில் நெளிந்து மூச்சு வாங்கிக்கொண்டதை இன்னொரு முறை பாருங்கள், நடிப்புக்கே பரிசு கொடுக்கலாம். கால்சாகி எதற்கும் அசரவில்லை. ஹாப்கின்ஸ் வீசிய குத்து ஐந்நூறைத் தொடவில்லை, இவர் எழுநூறுக்கு மேல் வீசினார். ஒரு நடுவர் ஹாப்கின்ஸுக்குக் கொடுத்தார், இருவர் இவருக்கு. வெளிநாட்டில், விழுந்து எழுந்து, அசிங்கமான சண்டையில் கிடைத்த இந்த வெற்றிக்காகவே அவரை மூன்றாமிடத்தில் வைக்கிறேன். இல்லாவிட்டால் இன்னும் கீழே போயிருப்பார்.

தோல்வி ஒருவரை எவ்வளவு இறக்குகிறது என்று கேட்டால், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து பிரக்பானுக்கு வாருங்கள். 2001 ஏப்ரலில் ஹெவிவெயிட் சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸ் தாமதமாக வந்து இறங்கி, ஜோகன்னஸ்பர்க் உயரத்துக்கு உடம்பைப் பழக்காமல் ரிங்கில் ஏறி, ஐந்தாவது ரவுண்டில் ஹசீம் ரஹ்மானின் ஒரு வலது கையில் மல்லாந்தார். நவம்பரில் அதே ரஹ்மானை நான்காவது ரவுண்டில் படுக்கப் போட்டார். தன்னை வென்ற இருவரையும் திரும்ப வென்றுவிட்டு ஓய்வு பெற்றவர் லூயிஸ். அவருடைய இரண்டு தோல்விகளைக் காட்டி யாராவது அவரைச் சின்னவர் என்கிறார்களா? (முகமது அலியின் மகள் லைலா அலியின் 24-0 கணக்கில் கடைசி வெற்றியும் நம் மண்ணில்தான் வந்தது, 2007 பிப்ரவரியில், முதல் ரவுண்டிலேயே. அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை.)

ஒன்றில் மட்டும் கால்சாகியை மிஞ்ச ஆள் குறைவு, நிறுத்தத் தெரிந்ததில். டோவீலை 1952ல் ஜோகன்னஸ்பர்க்கில் முதல் ரவுண்டிலேயே முடித்த ஆஸ்திரேலியர் ஜிம்மி கேரதர்ஸ், 1954ல் பாங்காக்கில் கொட்டும் மழையில் வெறுங்காலோடு கடைசிச் சண்டை போட்டு 19-0 என்று ஓய்வு பெற்றார். 1961ல் ஆசை விடவில்லை, திரும்பி வந்தார், தோற்றார். ராய் ஜோன்ஸ் 2023 வரை இழுத்தார். கால்சாகி 2009 பிப்ரவரியில், 36 வயதில், போதும் என்றார். அத்தோடு சரி. ஆனால் இங்கிலாந்தின் கார்ல் ஃப்ராச் அவர் பெயரைச் சொல்லிச் சண்டைக்குக் கூவிக்கொண்டிருந்த நேரம் அது. சில மாதங்களிலேயே அதே எடையில் சூப்பர் சிக்ஸ் போட்டியை அறிவித்தார்கள், ஆறு பேர் ஒருவரோடு ஒருவர் மோத வேண்டும், எதிராளியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. அதில் கெஸ்லர், ஆபிரகாம், ஃப்ராச் எல்லோரையும் வென்று வந்தவர் அமெரிக்கர் ஆண்ட்ரே வார்ட். 2017ல் அவரும் 32-0 என்று ஓய்வு பெற்றார். சூப்பர் சிக்ஸில் அமெரிக்காவை விட்டு அவர் நகரவே இல்லை என்பதையும், கெஸ்லர் முகம் கிழிந்ததில் வார்டின் தலைக்கும் பங்கு உண்டு என்பதையும் நான் மறைக்கவில்லை.

ஆக, என் வரிசை: 1994ல் தோல்வி அறியாத ஜேம்ஸ் டோனியைத் தொட விடாமல் ஆடிய ராய் ஜோன்ஸ் முதலில், வார்ட் இரண்டாவது, கால்சாகி மூன்றாவது. மெக்சிகோவின் கனேலோவை எங்கே என்று கேட்காதீர்கள், அவர் இன்னும் ஓய்வு பெறவில்லை. மருமகனே, வார்டும் கால்சாகியும் மோதியிருந்தால் என்று அடுத்து நீ கேட்கப்போவது தெரியும். வார்டின் ஊரான ஓக்லாந்தில் வைத்தால் வார்ட், 115-113. கார்டிஃபில் வைத்தால் எண்கள் அதேதான், பெயரை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்.