ஊசி போடாமலே எதிர்ப்பு வந்துவிட்டதாம்!

"தடுப்பூசியே போடாத ஆப்பிரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கக்குவான் இருமலுக்கு எதிர்ப்பு இருக்காம், அப்புறம் ஊசி எதுக்கு?" என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அனுப்பியவர் விவரமானவர், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தக் கிருமியின் நச்சுக்கு எதிரான ஆன்டிபாடி (உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்) பள்ளிக்கூட வயதில் ரத்தத்தில் இருக்கிறதென்றால், ஒன்று ஊசி போட்டிருக்க வேண்டும், இல்லை கிருமி உள்ளே வந்துபோயிருக்க வேண்டும். ஊசி போடவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆக, ஊருக்குள் கக்குவான் சுற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதுவும், பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தது பிழைத்துப் பள்ளிக்கூடம் வரை வந்த பிள்ளைகள். நோய் வந்து கிடைத்த எதிர்ப்பும் ஆயுசுக்கும் நிற்காது.

அப்படியானால் மருத்துவமனைக் கணக்கில் ஏன் இல்லை? நைஜீரியாவின் லாகோஸிலோ காங்கோவின் கின்ஷாசாவிலோ நெருக்கியடித்து உட்காரும் வகுப்பில் ஒரு பிள்ளை வாரக்கணக்காக இருமினால் சளி என்று சிரப் கொடுத்து அனுப்புவார்கள். ஊர்ஜிதம் செய்ய மூக்கின் ஆழத்திலிருந்து சளி எடுத்து, முதல் மூன்று வாரத்துக்குள் பிசிஆர் பார்க்க வேண்டும். பேட்டை கிளினிக்கில் அதற்கு எங்கே போவது? எதிர்ப்பில்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 17 பேருக்குத் தொற்றக்கூடிய நோய் இது.

அந்தப் பிள்ளை சாயங்காலம் வீட்டுக்குப் போகிறது. அங்கே ஒன்றரை மாதக் கைக்குழந்தை, முதல் ஊசிக்கே இப்போதுதான் நாள் வந்திருக்கிறது. பெரிய பிள்ளை இருமி இருமி முகம் சிவந்து, ஊளை மாதிரி மூச்சிழுத்து, கடைசியில் கக்கும் (பெயரே அதிலிருந்துதான்). கைக்குழந்தைக்கு இருமக்கூடத் தெம்பிருக்காது, மூச்சு நின்று நீலம் பாரிக்கும். தென்னாப்பிரிக்காவில் 2022 கடைசியில் நோய் எகிறியபோது மாட்டியதில் பெரும்பாலோர் மூன்று மாதம் நிறையாத குழந்தைகள்.

நகரத்தில்தான் கிளினிக் பக்கத்திலேயே இருக்கிறதே என்பார்கள். சந்தையில் கடை போடும் அம்மாவுக்கு அந்த வரிசை ஒரு நாள் பிழைப்பு. 2023இல் உலகம் முழுக்க கக்குவானுக்கும் சேர்த்துப் போடும் முத்தடுப்பு ஊசியின் முதல் தவணைகூடப் போடாத குழந்தைகள் 1.45 கோடி, நைஜீரியாவில் மட்டும் சுமார் 21 லட்சம். ஏழு வயது தாண்டினால் அந்தப் பழைய ஊசியைப் போடவும் மாட்டார்கள், பெரியவர்களுக்கான வேறு ஊசி விலை அதிகம். தென்னாப்பிரிக்கா 2024இல் கர்ப்பிணிகளுக்கே கக்குவான் ஊசி போட ஆரம்பித்தது, எதிர்ப்பு தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும். கண்டத்தின் பெரும்பாலான நாடுகளில் கர்ப்பிணிக்குக் கிடைக்கும் ஊசியில் இன்னும் கக்குவான் சேரவில்லை. பார்வர்டு அனுப்புபவர்கள் அதைப் பற்றி ஒன்று அனுப்புங்களேன்.